அப்பாவின் கண்ணைத் தொட்டுச் செய்த சத்தியம்

நான் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். கண்ணுக்கு விடும் துளிமருந்துகள் என் கைக்கு எட்டும் தட்டில்தான் இருக்கின்றன. அதில் ஒரு சின்னப் பெட்டிக்குச் செயற்கைக் கண்ணீர் என்று பெயர். “கண்ணீரும் இப்ப போத்தல்லதான் வருதா தங்கச்சி?” என்று பகிடி விடுகிறவர்கள் உண்டு. நானும் சேர்ந்து சிரிப்பேன், வியாபாரம் நடக்க வேண்டுமே. ஆனால் அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பழைய பயம் எழும்பி உட்காரும். ஒன்பது வயதில், அப்பாவின் கண்ணைப் பழுதாக்கியவள் நான்தான் என்று ஏழு மாதம் நம்பிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தக் கண்ணுக்கு மருந்து விடும் போத்தலும் என் கையில்தான் இருந்தது.

அப்போது நாங்கள் நாவற்குடாவில் இருந்தோம். வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் ஆறு. வரைபடங்களில் வாவி என்று போட்டிருப்பார்கள், எங்கள் வாயில் அது எந்தக் காலத்திலும் ஆறுதான். அப்பா கல்முனைக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கொண்டக்டர். மிதிபலகையில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கத்துவார். விரல் வைக்காமல் வெறும் உதட்டாலேயே விசில் அடிப்பார். எங்கள் சந்தியை பஸ் கடக்கும்போது அவர் அடிக்கும் நீளமான விசில் எனக்கென்றே அடிப்பது. வகுப்பில் இருந்தாலும் எனக்கு அது கேட்கும், கேட்காவிட்டாலும் கேட்டதாகச் சொல்லிப் பெருமை பேசுவேன். வீட்டில் மட்டும் அப்பா சத்தம் போடாத மனிதர். இருக்கிற சத்தமெல்லாம் பஸ்ஸிலேயே செலவாகிவிடும் என்பாள் அம்மா.

அந்த வருடத்து மாரி மழைக்காலத்தில் ஆற்றில் முதலை வந்துவிட்டதென்று ஒரு கதை. கரையில் படுத்துக் கிடந்த நாயை இழுத்துக்கொண்டு போனதைத் தன் கண்ணால் கண்டதாக மீன் கொண்டுவருகிறவர் சொன்னார். அப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, ஆற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்றார். நான் தலையை ஆட்டினேன். மூன்றாம் நாள் பின்னேரம் நான் ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நானும் மட்டி பொறுக்கத்தான் போனோம். சேற்றுக்குள் காலால் துழாவினால் மட்டி தட்டுப்படும், குனிந்து எடுக்க வேண்டியதுதான். முதலை எங்காவது தெரிகிறதா என்ற ஆசையும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். முதலை வரவில்லை. ஆனால் சேறு என் ஒரு செருப்பை இழுத்து வைத்துக்கொண்டது. எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து, அதை வாசற்படிக்குப் பின்னால் தள்ளிவிட்டு நல்ல பிள்ளைபோல் புத்தகத்தைத் திறந்தேன்.

அப்பா வந்து கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றும்போது அந்த ஒற்றைச் செருப்பைக் கண்டுவிட்டார்.

“மற்றச் செருப்பு எங்க புள்ள?”

“பள்ளிக்கூடத்துல துலஞ்சிட்டு.”

அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் கறுப்புச் சேறு. “ஆத்துக்க இறங்கினநீயா?”

“இல்லப்பா.”

“கண்ணாணை?”

பெரியவர்கள் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். எங்களுக்குக் கோயில் வரை போக நேரம் ஏது? கண்ணாணை என்று சொல்லி இரண்டு கண்ணையும் தொட்டுவிட்டால் வழக்கு முடிந்தது. பொய்யாகத் தொட்டால் கண் அவிந்துபோகும். அது எங்கள் வகுப்பில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். அப்பா என்னோடு பேசும்போது என்னுடைய சட்டத்தையே பாவிப்பார், அதுதான் வில்லங்கம்.

என் கை என் கண்ணை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. நாளைக்கு விடியும்போது இருட்டாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். அப்பாவின் முகம் குனிந்தபடி எனக்குக் கிட்ட இருந்தது. கை அப்படியே திரும்பிப் போய் அவருடைய இடது இமையைத் தொட்டது.

“அப்பாட கண்ணாணை, நான் இறங்கல்ல.”

விரலுக்கு அடியில் அந்த இமை சூடாக இருந்தது, ஒருமுறை துடித்தது. அப்பா சிரித்துவிட்டார். அவர் நம்பிவிட்டார். அடுத்த நாளே கல்முனையில் வாங்கிய புதுச் செருப்பு ஒரு சோடி வந்தது, சிவப்பு வாருடன். நானும் வெட்கமில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடந்தேன்.

நாலாம் நாள் காலை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்தது. அப்பா குழாயடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றார். வாய் கொப்பளித்துத் துப்பினார், தண்ணீர் முன்னால் போகாமல் இடது கடைவாயால் வடிந்து நெஞ்சில் ஊற்றியது. திரும்பவும் கொப்பளித்தார். திரும்பவும் அப்படியே. இதென்ன கூத்து என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வலது பக்கத்தில் மட்டும் இருந்தது. இடது பக்கம் யாரோ வேறு ஆள்போல அசையாமல் என்னைப் பார்த்தது. அம்மா தானாகவே வந்து பார்த்துவிட்டு, “ஐயோ, என்ர அம்மாளே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சனம் கூடிவிட்டது. முன்வீட்டு மாமி கிட்ட வந்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பேய் அறைஞ்சதுகா. வயசு ஆம்பிளைக்கு ஒரு ராவைக்குள்ள வாய் கோணுறதெண்டா வேற என்ன?” என்றார். பஸ் ட்ரைவர் மாமாவோ மாரிக் குளிர்காற்றில் மிதிபலகையில் தொங்கி வந்ததுதான் காரணம் என்றார். அம்மாவுக்கு யாருடைய கண்ணோ பட்ட கண்ணூறு என்று சந்தேகம். எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. சரியான காரணம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் புதுச் செருப்பைக் கழற்றி வேலிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வந்தேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஆஸ்பத்திரிக்கும் கூடவே ஏற்றிக்கொண்டு போனார்கள். டொக்டரம்மா அப்பாவிடம் கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். வலது கண் மூடியது. இடது கண் மூடவில்லை. இமை பாதி வழியில் நிற்க, கருவிழி மேலே உருண்டு மறைந்து, வெறும் வெள்ளை மட்டும் திறந்து கிடந்தது. நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். முகம் தெரியாவிட்டாலும் காது திறந்துதானே இருக்கும்.

முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, கன பேருக்குத் தானாகவே சுகமாகும், பேயும் இல்லை ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னார். அம்மா மூச்சு விட்டாள். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

“முகத்தைப் பற்றி நான் பயப்படல்ல அம்மா. கண்ணைப் பற்றித்தான் பயம். கண்ணீரெண்டா அழக்குள்ள மட்டும் வாறதெண்டு நினைக்கிறீங்க. அது எந்நேரமும் வந்துகொண்டுதான் இருக்கு. மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படை, நடுவுல உப்புத்தண்ணி, அடியில வழுவழுப்பா ஒரு பசை. கிருமியைக் கொல்லுற சத்தும் அதுக்குள்ள இருக்கு. இமை மூடித் திறக்கிற ஒவ்வொரு தரமும் அதைக் கண்ணுக்குப் பூசி விடுது. இவருக்கு இமை மூடாது. பூச ஆளில்லாட்டி கண் காஞ்சுபோகும், கருவிழி புண்ணாகும். மறுகா பார்வை போகும்.”

சேலைக்குள் இருந்த எனக்கு எண்ணெயும் பசையும் காதில் நிற்கவில்லை. பார்வை போகும் என்ற சொல் மட்டும் நின்றது. எங்கள் வகுப்புச் சட்டத்தை ஒரு டொக்டரே வாயால் சொல்லிவிட்டார். இனி என்ன சாட்சி வேண்டும்?

போத்தலைத் தந்தார்கள். பகலில் மணிக்கு ஒருதரம் இரண்டு துளி விட வேண்டும். படுக்கும்போது களிம்பு பூசி இமையை இழுத்துப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். அம்மாவுக்கு வீட்டு வேலை தலைக்கு மேல் இருந்ததால், விடுமுறையில் சும்மா இருக்கிற எனக்குத்தான் துளி விடுகிற வேலை கிடைத்தது. மீனுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரித்தான். நான் மணிக்கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிடம் பிந்தினால் கண் அவிந்துவிடும் என்று நினைத்து, விளையாடப் போகவில்லை, தொலைக்காட்சி பார்க்கவில்லை. என்ன பொறுப்பான பிள்ளை என்று முன்வீட்டு மாமி ஊரெல்லாம் சொன்னார். அந்தப் புகழ்ச்சி என்னைக் கொன்றது.

மத்தியானத்தில்தான் பயம் கூடும். அப்பா சாப்பிட்டுவிட்டுப் பாயில் கண் அயர்வார். கொஞ்ச நேரத் தூக்கத்துக்கு எதற்கென்று பிளாஸ்டர் ஒட்டுவதில்லை. வலது கண் உறங்கும், இடது கண் விழித்திருக்கும். கருவிழி இல்லாத அந்த வெள்ளைக் கண் என்னையே பார்க்கும். நான் சுவரோடு ஒதுங்கினாலும் பார்க்கும், கதவுக்குப் பின்னால் போனாலும் பார்க்கும். தன்னைத் தொட்டது யார் விரல் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்தேன். மணி அடித்ததும் கிட்டப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு துளியை விட்டுவிட்டு ஓடிவருவேன்.

ஒருநாள் அப்பா துளி விழுந்ததும் முகத்தைச் சுளித்தார். “நீ கண்ணுல விடுறாய், எனக்குத் தொண்டையில கசக்குது புள்ள” என்றார், கோணிய வாயால். கண்ணின் மூக்கோரத்தில் எல்லோருக்கும் ஒரு சின்னத் துவாரம் உண்டு, கண்ணீர் அது வழியாக மூக்குக்குள் இறங்கித் தொண்டைக்குப் போகும், அழுதால் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு என்ன தெரியும்? அப்பாவின் கண்ணில் ஓட்டை விழுந்துவிட்டது, விடுகிற மருந்தெல்லாம் வயிற்றுக்குப் போகிறது என்று முடிவு கட்டினேன்.

போத்தல் மருந்து வெறும் ஈரத்துக்குத்தான், கண்ணீரில் உள்ள எல்லாம் அதில் இல்லை என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் உண்மையான கண்ணீர்தான் வேண்டும். என்னிடம் இரண்டு கண் நிறைய இருக்கிறதே, குற்றம் செய்தவளுடையதைக் கொடுத்தால் சாமியும் ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு குசினி அடுப்படியில் போய் உட்கார்ந்து அழப் பார்த்தேன். ஏழு நாளாக ஒளித்து ஒளித்து அழுத கண், கரண்டியைக் கண்டதும் வறண்டுவிட்டது! அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்குக் காஸ் அடுப்பு வந்திருந்தது. இனிமேல் இந்த வீட்டில் புகையால் ஒருவரும் அழத் தேவையில்லை என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய விறகு அடுப்பு இருந்தாலாவது ஊதிப் பார்த்திருக்கலாம். கடைசியில் வெங்காயத்தை வெட்டி மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். கண்ணும் வடிந்தது, மூக்கும் வடிந்தது. கால் கரண்டிகூடச் சேரவில்லை.

அந்தக் கரண்டியைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாய்க்குக் கிட்டப் போனேன். வெள்ளைக் கண் திறந்திருந்தது. கரண்டியைச் சரிக்கப் போகிற நேரம் கருவிழி மேலிருந்து சடாரென்று இறங்கி வந்து என்னைப் பார்த்தது.

“என்ன புள்ள அது?”

கரண்டி அப்பாவின் நெஞ்சில் விழுந்தது. நான் கத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். வெங்காய நாற்றத்தில் அப்பா எழும்பி உட்கார்ந்து சட்டையை மோந்து பார்த்தாராம், எனக்குச் சமையல் விளையாட்டு என்று அம்மா விளக்கம் சொன்னாளாம். நல்லவேளை, அதை விடவில்லை. ஒருவர் கண்ணீரை இன்னொருவர் கண்ணில் விடுவதாவது, அதுவும் வெங்காயச் சாற்றோடு! இன்று யாராவது கடைக்கு வந்து அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

தை பிறந்த பிறகு இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. அப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்று டொக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்வார். கன்னத்தை உப்புவார், பல்லைக் காட்டுவார், பலூன் ஊதுவார். விசிலுக்கு உதட்டைக் குவித்தால் இடது பக்கத்தால் புஸ்ஸென்று காற்றுத்தான் போகும். பங்குனியில் ஒருநாள் அந்தப் புஸ்ஸுக்குள் மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று கேட்டது. அம்மா கைதட்டினாள். எனக்கும் சந்தோசம்தான், ஆனால் நிம்மதி இல்லை. தண்டனை தள்ளிப் போடப்பட்டிருக்கிறது, இல்லாமல் போகவில்லை என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அப்பா திரும்ப பஸ்ஸுக்குப் போனார், சந்தியில் விசிலும் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு என்கிற திருவிழா வந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அம்மா மாரிக் காலத்திலேயே கண்மலர் நேர்ந்திருந்தாள். வெள்ளித் தகட்டில் வெட்டிய சோடிக் கண்கள் அவை, தாம்பாளத்தில் வைத்து அம்மனுக்குக் கொடுப்பது. அந்த இரண்டு வெள்ளிக் கண்ணும் இமையில்லாமல் தட்டில் கிடந்து என்னைப் பார்த்தன. எனக்கு அந்தப் பார்வை நன்றாகப் பழக்கம். அப்பா பூசை முடிந்து வெளியே வந்து, வேம்புக்குக் கீழே எங்களோடு உட்கார்ந்து, வாழையிலையில் தந்த பொங்கலை அள்ளி வாயில் வைத்தார். அவருடைய இடது கண்ணிலிருந்து கண்ணீர் வடியத் தொடங்கியது.

துளி துளியாக இல்லை, ஒழுகிக்கொண்டே இருந்தது. முகத்தில் அழுகை இல்லை, விம்மல் இல்லை. வாய் பொங்கலைச் சப்பிக்கொண்டிருக்க அந்த ஒரு கண் மட்டும் அழுதது. அப்பாவே ஆச்சரியப்பட்டுச் சால்வையால் துடைத்தார். அம்மா கைகூப்பிக் கோயில் பக்கம் திரும்பினாள், அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்றாள். அம்மன் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து மூன்று நேரமும் அதே கதை. முதல் பிடி வாய்க்குள் போனதும் இடது கண் வடியும், சாப்பிட்டு முடிய நிற்கும். “உன்ட கறியில அவ்வளவு உறைப்பு” என்று அம்மாவைச் சீண்டுவார் அப்பா. அம்மாவுக்குப் பத்திக்கொண்டு வரும். அடுத்த நாள் மிளகாய் போடாமல் வெறும் தேங்காய்ப்பால் சொதியும் இடியப்பமும் வைத்துக் காட்டினாள். அதற்கும் வடிந்தது. “அப்ப என்ட கையே உறைப்பாக்கும்!” என்று அம்மா சோற்றுக் கோப்பையைத் தட்டி வைத்துவிட்டுப் போனாள். அப்பா சிரித்தார், வலது கண் சிரித்தது, இடது கண் வடிந்தது.

நான் மட்டும் அறிவேன், அது கறியின் குற்றமில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் அவர் அழுகிறார் என்று நினைத்தேன். கேட்க மனமில்லாமல், நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். அதனால் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினேன். வயிற்று வலி என்றேன், பிறகு சாப்பிடுகிறேன் என்றேன், கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினி மூலைக்குப் போனேன். சோற்றைக் கோழிக்குப் போட்டேன். மூன்று கிழமையில் சட்டை தோளில் தொங்கத் தொடங்கிவிட்டது. பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்றாள் அம்மா.

ஒரு ஞாயிறு மத்தியானம். அம்மா அப்பாவின் கோப்பையில் வெறும் சோற்றைப் போட்டுவிட்டுக் கறிச்சட்டியை எடுக்கக் குசினிக்குப் போனாள். அப்பா கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இஞ்ச இரு புள்ள. ஏன் இப்ப அப்பாக்குப் பக்கத்துல இருக்கிறாய் இல்ல? என்ட முகத்தப் பார்க்கப் பயமா?”

பயம்தான். ஆனால் அவர் நினைத்த பயம் இல்லை. அவர் முகம் கோணியதால் நான் அருவருக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார் என்பது தெரிந்ததும் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.

“அப்பா, அண்டைக்கு நான் ஆத்துக்க இறங்கினநான். செருப்பு சேத்துக்க போயிட்டு. உங்கட கண்ணத் தொட்டுப் பொய்ச்சத்தியம் பண்ணிட்டன். என்ட கண்ணத் தொடப் பயத்துலதான் உங்கட கண்ணத் தொட்டநான். அதாலதான் உங்கட கண் பழுதாப் போச்சு. நான்தான் செய்தநான்.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எப்ப இருந்து மனசுக்க வச்சிட்டு இரிக்கிறாய்?”

“உங்கட வாய் கோணின அண்டையில இருந்து.”

“மருந்து விடக்குள்ள எல்லாமா?”

“ஓம்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஓம் அப்பா.”

அவர் என் கையை விடவில்லை. அவருடைய வலது கண் நிறைந்தது. கீழ் இமையில் ஒரு கணம் நின்று, தாண்டி, கன்னத்தில் இறங்கியது. ஏழு மாதமாக இடது கண்ணையே காவல் காத்தவள் நான், வலது கண் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு உயிர் போய்விட்டது.

“அம்மோய்! ஓடி வாங்க! அப்பாட மற்றக் கண்ணுக்கும் வந்திட்டு! மற்றக் கண்ணும் பழுதாப் போச்சு!”

அம்மா கறிச்சட்டியோடு ஓடிவந்தாள். அப்பா அவசரமாகச் சால்வையை எடுத்து முகம் முழுவதையும் துடைத்தார். “ஒண்டுமில்ல, புகை” என்றார் அம்மாவிடம். அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சட்டியைக் கீழே வைத்தாள். ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

“புகையா? உண்மையா?”

“ஓம் புள்ள. உன்ட சத்தியத்தால ஒண்டும் நடக்கல்ல, அது நரம்பு வீங்கினது. இது புகை.”

“கண்ணாணை?”

அப்பா கையை உயர்த்தித் தன் இரண்டு கண்ணையும் தொட்டார். “கண்ணாணை. புகைதான்.”

அவ்வளவுதான். ஏழு மாதப் பயம் ஒரு சொல்லில் போய்விட்டது. அப்பா கண்ணாணை சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? நான் அவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, அம்மா திகைக்கத் திகைக்க மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா முதல் பிடியை வாயில் வைத்ததும் வழக்கம்போல் இடது கண் வடிந்தது. நானே அவருடைய சால்வையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

பாமசி வேலைக்குப் படித்த காலத்தில்தான் அந்த இடது கண்ணின் கதை எனக்கு விளங்கியது. வீங்கிய நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் வழி தவறிவிடுமாம். உமிழ்நீர் சுரக்க வேண்டிய இடத்துக்குப் போக வேண்டியவை, கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வாயில் சோறு பட்டால் கண் வடியும். இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் முதலைக் கண்ணீர். வகுப்பில் நான் மட்டும் சத்தமாகச் சிரித்து ஏச்சு வாங்கினேன். நான் பார்க்க ஆசைப்பட்டுப் போன முதலை, எனக்கு முந்தி வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஆனால் அது பழுதான பக்கத்துக் கண்ணில் மட்டும்தான் வரும். சாப்பிடும்போது மட்டும்தான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை வலது கண் நிறைந்தபோது அப்பாவின் கோப்பையில் வெறும் சோறு ஆறிக்கொண்டு கிடந்தது, அவர் ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்கவில்லை. வெங்காயம் வெட்ட வரும் கண்ணீர் வேறு, எந்நேரமும் கண்ணை நனைத்துக்கொண்டிருக்கும் கண்ணீர் வேறு, மனம் தாங்காமல் வருவது வேறு என்று புத்தகத்தில் படித்த அன்று இரவு நான் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு வந்த பிறகு புகை என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை நானும்தான் கேட்டிருந்தேன். இருந்தும் ஒன்பது வயதில் எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு பொய்ச் சத்தியத்துக்கு அப்பா தொட்டது தன்னுடைய கண்ணைத்தான் என்பதும் பிடிபடவில்லை.